நான்கு பெனால்டி, ஒரு வதந்தி, ஒரு ரத்தக்குழாய் (நீண்ட இழை)

1/
ஹெல்முத் டுக்கடாம். இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? ருமேனியாவைச் சேர்ந்த கால்பந்து கோல்கீப்பர். 1986-ல் ஐரோப்பிய கோப்பை இறுதிப் போட்டியில் பார்சிலோனா உதைத்த நான்கு பெனால்டிகளையும் தடுத்தவர். நான்கும்! அடுத்த சீசன்ல அவர் களத்திலேயே இல்லை. அப்போ அவருக்கு வயது 27.

2/
ஏன் இல்லைன்னு கேட்டா, பழைய கால்பந்து ரசிகர்கள் ஒரு கதை சொல்வாங்க. சர்வாதிகாரியின் மகன், ஒரு மெர்சிடிஸ் கார், உடைக்கப்பட்ட கைகள். கேட்க சினிமா மாதிரி இருக்கும். ஆனா நடந்தது அது இல்லை. அவரை வெளியே உட்கார வைத்தது அவருடைய வலது கையின் ரத்தக்குழாய்.

3/
மக்கள் ஏன் அந்தக் காரை நம்பினாங்க, ரத்தக்குழாயை ஏன் நம்பலை? இதுதான் இந்த இழையின் விஷயம். ஏன்னா அதே அவநம்பிக்கை இன்னைக்கும் விளையாடுற பிள்ளைகளின் கையைப் பறிக்கக் கூடியது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

4/
முதல்ல ஆளைப் பத்தி. 1959 ஏப்ரல் 1-ல் பிறந்தவர். ஊர் செம்லாக். மேற்கு ருமேனியாவில், ஹங்கேரி எல்லையை ஒட்டிய அராட் மாவட்டத்துக் கிராமம். அந்தப் பகுதியில் பல தலைமுறைகளாக வாழும் ஜெர்மன் வம்சாவளிக் குடும்பம். பேர் ருமேனியப் பேர் மாதிரி இல்லாததுக்குக் காரணம் அதுதான். நெடிய உருவம், அடர்ந்த மீசை.

5/
உள்ளூர் பெரிய கிளப்பான யூ.டி.ஏ. அராட் அணியில் ஆடினார். 1982-ல் தலைநகர் புக்கரெஸ்டின் ஸ்டேவா அணிக்குப் போனார். அது ராணுவத்தின் கிளப். அதே ஆண்டு தேசிய அணிக்காக ஆடியது இரண்டே ஆட்டம். அதாவது, உலகமே கொண்டாடிய நட்சத்திரம் எல்லாம் இல்லை. வேலையை ஒழுங்காச் செய்யுற ஒரு கிளப் கோல்கீப்பர்.

6/
1985, 1986 ரெண்டு வருஷமும் ஸ்டேவா ருமேனிய லீக் சாம்பியன். 1986 ஐரோப்பிய கோப்பை அரையிறுதியில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அணியிடம் முதல் ஆட்டத்தில் 0-1 தோல்வி. சொந்த ஊரில் நடந்த அடுத்த ஆட்டத்தில் 3-0 வெற்றி. இறுதிப் போட்டியில் எதிரே பார்சிலோனா.

7/
போட்டி 1986 மே 7. இடம் ஸ்பெயினின் செவில் நகரம். அதாவது பார்சிலோனாவுக்கு சொந்த நாடு. அரங்கம் முழுக்க அவங்க ரசிகர்கள். அதுவரை பார்சிலோனா இந்தக் கோப்பையை ஒரு முறைகூட வென்றதில்லை. இந்த முறை எப்படியும் நமக்குத்தான்னு வந்திருந்த கூட்டம். இன்னொரு பக்கம், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து எந்த அணியும் அதுவரை இதை வென்றதில்லை.

8/
90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் 30 நிமிடத்திலும் இல்லை. ஸ்டேவாவின் துணைப் பயிற்சியாளர் யோர்டனெஸ்கு, வயது 36, அவரே மாற்று ஆட்டக்காரரா இறங்கி ஆடினார்னா நிலைமையைப் பார்த்துக்கங்க. 120 நிமிடம் 0-0. அடுத்து பெனால்டி ஷூட்-அவுட்.

9/
இப்போ அந்த வரிசையைப் பாருங்க.
ஸ்டேவாவின் மஜெயாரு: தடுக்கப்பட்டது.
பார்சிலோனாவின் அலெக்சாங்கோ: டுக்கடாம் தடுத்தார்.
ஸ்டேவாவின் போலோனி: தடுக்கப்பட்டது.
பார்சிலோனாவின் பெட்ராசா: டுக்கடாம் தடுத்தார்.
நாலு உதையில் ஒரு கோல் இல்லை.

10/
ஸ்டேவாவின் லகதூஷ்: கோல்!
பார்சிலோனாவின் பிச்சி அலோன்சோ: டுக்கடாம் தடுத்தார்.
ஸ்டேவாவின் பலிந்த்: கோல்!
பார்சிலோனாவின் மார்க்கோஸ்: டுக்கடாம் தடுத்தார்.
முடிந்தது. 2-0. அரங்கமே உறைந்து போச்சு.

11/
பெனால்டின்னா என்னன்னு கால்பந்து பார்க்காதவங்களுக்கு: கோல்கம்பத்தின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பந்து உதைக்கப்படுவது 11 மீட்டர் தூரத்திலிருந்து. பந்து வந்து சேர ஏறக்குறைய அரை விநாடிதான். பார்த்துட்டுப் பாயலாம்னு நின்னா பந்து வலைக்குள்ள இருக்கும். ஒண்ணு தடுத்தாலே பெரிய விஷயம்.

12/
டுக்கடாம் முதல் மூன்று முறையும் தன் வலப்பக்கமே பாய்ந்தார். நாலாவது முறை இடப்பக்கம். இதில் ஒரு கணக்கு இருந்ததுன்னு பின்னாட்களில் பேட்டிகளில் சொன்னார். ஒரு பக்கம் தடுத்ததைப் பார்த்தவன், அடுத்த முறை கீப்பர் பக்கம் மாறுவான்னு நினைப்பான். அப்போ மாறக் கூடாது. மூணு முறை ஆனபிறகு, இவன் மாறவே மாட்டான்னு நினைப்பான். அப்போ மாறணும். பதற்றத்தின் உச்சியில் நிதானமா இருந்த மூளை அது.

13/
அன்னையிலிருந்து ருமேனியாவில் அவருக்கு 'செவிலின் நாயகன்'னு பேர். நாட்டுக்கே திருவிழா.

சில வாரம் கழித்து, 1986 கோடை விடுமுறை. வலது கையில் வலி. பரிசோதனையில் தெரிந்தது: கையின் தமனியில் வீக்கம், அதில் ரத்த உறைவு. அறுவை சிகிச்சை. ஸ்டேவாவுக்காக அவர் அதற்குப் பிறகு ஆடவில்லை.

14/
அந்த டிசம்பரில் டோக்கியோவில், தென் அமெரிக்க சாம்பியன் ரிவர் பிளேட்டுடன் ஸ்டேவா மோதியது. டுக்கடாம் இல்லை. 1987 பிப்ரவரியில் மொனாக்கோவில் டைனமோ கீவ் அணியை வென்று ஐரோப்பிய சூப்பர் கோப்பையை எடுத்தது. அதிலும் இல்லை. 1989-ல் ஒரு வழியா களம் திரும்பினார், இரண்டாம் டிவிஷனில் ஆடிய வாகோனுல் அராட் அணிக்கு. 1991-ல் அதுவும் முடிந்தது.

15/
இப்போ வதந்திக்கு வருவோம்.

கதை இப்படிப் போகும்: பார்சிலோனா தோற்றதில் சந்தோஷப்பட்ட ஸ்பெயினின் பெரிய மனிதர் ஒருவர் (சிலர் ராஜான்னு சொல்வாங்க, சிலர் ரியல் மாட்ரிட் தலைவர்னு) டுக்கடாமுக்கு மெர்சிடிஸ் பரிசளித்தார். சர்வாதிகாரி சௌசெஸ்குவின் மகன் அதைக் கேட்டார். இவர் தர மறுத்தார். ரகசியப் போலீஸ் வந்து கையை உடைத்தது.

16/
இந்தக் கதை ருமேனியா முழுக்கப் பரவி, எல்லை தாண்டி ஐரோப்பிய ரசிகர்கள் மத்தியிலும் ஓடியது. இன்னைக்கும் ஓடுது. ஆனா சம்பந்தப்பட்டவரே என்ன சொன்னார்? இல்லைன்னு சொன்னார். ஒரு முறை இல்லை, கேட்டவங்களுக்கெல்லாம் திரும்பத் திரும்ப.

17/
'பயந்து பொய் சொல்லியிருப்பார்'னு சிலர் சொல்வாங்க. 1986-ல் அப்படி நினைக்க நியாயம் இருக்கு. ஆனா 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. அந்த மாதம் 25-ம் தேதி சௌசெஸ்குவும் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு சௌசெஸ்கு குடும்பத்தைப் பத்திப் பேச யாருக்கும் பயம் தேவைப்படலை. குறை சொன்னா கைதட்டல்தான் கிடைக்கும். அப்பவும் டுக்கடாம் சொன்னது அதே பதில்தான்: கையை யாரும் உடைக்கலை, அது நோய்.

18/
சரி, ஏன் மக்கள் நம்பலை?

ஒரு காரணம் அரசியல். அரசு அனுமதித்தது மட்டும்தான் செய்தின்னு இருந்த நாடு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாயகன் திடீர்னு காணாமப் போனா, மக்கள் தாங்களே காரணம் கண்டுபிடிப்பாங்க. அந்த ஆட்சி செய்த கொடுமைகளைப் பார்த்தவங்களுக்கு இதுவும் நம்பும்படியாத்தான் இருந்திருக்கும். அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

19/
ஆனா இன்னொரு காரணம் இருக்கு. அதுதான் என் துறை சார்ந்தது. '27 வயசு. மலை மாதிரி உடம்பு. நேத்து வரைக்கும் நாலு பெனால்டி பிடிச்ச கை. அதுல எப்படிங்க ரத்தக்குழாய் அடைக்கும்? அது வயசானவங்களுக்கு வர்ற வியாதியாச்சே?'

இந்தக் கேள்வியை நான் புக்கரெஸ்டில் கேட்க வேண்டியதில்லை. நம்ம ஓ.பி.யிலேயே கேட்கலாம்.

20/
அதனால கொஞ்சம் மருத்துவம். (ஒருத்தரைப் பரிசோதிக்காம அவர் நோய்க்கு இதுதான் மூல காரணம்னு சொல்றது சரியில்லை. இனி சொல்லப்போறது கையைத் தூக்கி ஆடுற எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொருந்துற பொதுவான விஷயம்.)

21/
முதல்ல ரெண்டு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துக்குவோம்.

நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் 'நரம்பு'தான். ஊசி போடறதும் நரம்புல, இழுத்துக்கிறதும் நரம்புதான். ஆனா நரம்பு வேற, ரத்தக்குழாய் வேற. ரத்தக்குழாயிலும் ரெண்டு வகை. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி. திரும்பக் கொண்டுவருவது சிரை.

22/
அடுத்தது 'ரத்தக்கட்டு'. அடிபட்ட இடத்தில் தோலுக்கு அடியில் கன்னிப் போவதைத்தான் நாம அப்படிச் சொல்றோம். அது தானா கரைஞ்சிடும். நான் சொல்ற ரத்த உறைவு அது இல்லை. ஓடிக்கிட்டிருக்கிற ரத்தம் குழாய்க்கு உள்ளேயே கட்டியாகி வழியை அடைக்கிறது. அதுக்கு மஞ்சள் பத்து போட்டா சரியாகாது.

23/
கைக்குப் போற முக்கியத் தமனி கழுத்தின் அடியில் தொடங்கி, காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நுழைஞ்சு, அக்குள் வழியா கைக்கு வருது. கையைத் தலைக்கு மேல தூக்கிப் பின்னால வளைக்கும்போது, தோள்மூட்டின் பந்து மாதிரியான எலும்பு முன்னால தள்ளி இந்தத் தமனியை அழுத்தும். ஒரு முறை ரெண்டு முறைன்னா ஒண்ணும் ஆகாது.

24/
தினம் நூத்துக்கணக்கில், வருஷக்கணக்கில் அதையே செஞ்சா? சிலருக்குத் தமனியின் சுவர் பலவீனமாகும். பழைய சைக்கிள் டியூப்ல ஒரு இடம் மட்டும் புடைச்சுக்குமே, அந்த மாதிரி வீங்கும். இதுக்குப் பேர் அனியூரிசம்.

25/
வாய்க்கால்ல அகலமான இடத்தில் தண்ணி வேகம் குறைஞ்சு சுழலும், வண்டல் படியும் இல்லையா? அதே கதைதான். புடைச்ச இடத்தில் ரத்தம் சுழன்று உறையும். அந்த உறைவு அங்கேயே வழியை அடைக்கலாம். இல்லைன்னா துணுக்குத் துணுக்கா உடைஞ்சு கீழே போய் விரல்களின் சின்னக் குழாய்களை அடைக்கலாம்.

26/
இதுக்குக் கொழுப்பு தேவையில்லை, சர்க்கரை தேவையில்லை, வயசும் தேவையில்லை. சொல்லப்போனா கடுமையா உழைக்கிற, நல்லா ஆடுற ஆளுக்குத்தான் இது வர வாய்ப்பு அதிகம். வாலிபால் ஆட்டக்காரர்கள், பேஸ்பாலில் பந்து எறிபவர்கள் மத்தியில் நல்லாவே பதிவான பிரச்சினை. சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தில் கூடுதலா ஒரு விலா எலும்பு இருக்கும். அதுவும் இந்தக் குழாயை நெருக்கும்.

27/
உள்ளங்கைக்கும் தனியா ஒரு ஆபத்து இருக்கு. சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல, ஒரு தமனி எலும்பை ஒட்டி தோலுக்குப் பக்கத்திலேயே போகும். பந்து திரும்பத் திரும்ப அங்கே மோதினா, அல்லது உள்ளங்கையைச் சுத்தியல் மாதிரி வச்சு எதையாவது தட்டிக்கிட்டே இருந்தா, அது சேதமாகும். பந்து பிடிக்கிறவங்களுக்கு மட்டுமில்ல, மெக்கானிக், தச்சு வேலை செய்றவங்களுக்கும் வரும்.

28/
'அதெல்லாம் கம்யூனிஸ்ட் நாடு, அந்தக் காலம், அதான் மக்களுக்குப் புரியலை'ன்னு நினைக்கிறீங்களா? அதே காலத்து அமெரிக்காவுக்குப் போவோம்.

ஜே. ஆர். ரிச்சர்ட். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணியில் பந்து எறிபவர். 1979 சீசனில் 313 பேட்டர்களை ஸ்ட்ரைக்-அவுட் செய்தவர். எதிரே நிற்கவே பயப்படுவாங்க.

29/
1980-ல் அவர் சொல்ல ஆரம்பித்தார்: கை செத்துப் போன மாதிரி இருக்கு, மரத்துப் போகுது. என்ன பதில் கிடைச்சது தெரியுமா? சோம்பேறி. நடிக்கிறான். சம்பளப் பொறாமை. பத்திரிகைகளும் ரசிகர்களும் எழுதியதும் பேசியதும் இதுதான். அவர் கறுப்பினத்தவர் என்பதும் அந்தப் பேச்சுக்குத் தோதா இருந்தது.

30/
ஜூலை கடைசியில் மருத்துவமனையில் பரிசோதித்தபோது வலது கைத் தமனியில் அடைப்பு இருப்பது தெரிந்தது. அப்பவும் அவசரம்னு யாரும் நினைக்கலை. லேசான பயிற்சிக்கு அனுமதி. ஜூலை 30, பயிற்சியின்போதே பக்கவாதம் வந்து விழுந்தார். கழுத்துத் தமனியில் அடைப்பு. உயிர் பிழைத்தார். அந்த உயர்மட்ட லீக்கில் அதற்குப் பிறகு ஒரு பந்துகூட எறியவில்லை. வயது 30. பின்னாளில் சில காலம் ஹூஸ்டனில் ஒரு பாலத்துக்கு அடியில் வாழ்ந்தார்.

31/
ருமேனியாவில் 'கையை உடைச்சுட்டாங்க'. அமெரிக்காவில் 'நடிக்கிறான்'. ரெண்டு நாட்டுக்கும் ஆட்சி வேற, மருத்துவ வசதி வேற. ஆனா ரெண்டு இடத்திலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் நம்பத் தயாரா இல்லை: பலசாலியின் கையில் ரத்தக்குழாய் அடைக்கும் என்பதை.

32/
இப்போ மூணாவது ஆள். டேவிட் கோன். நியூயார்க் யாங்கீஸ் அணியில் பந்து எறிபவர். 1996-ல் விரல்கள் குளிர்ந்து மரத்துப் போகுதுன்னு சொன்னார். பரிசோதித்தார்கள். தோள்பக்கத் தமனியில் அனியூரிசம். மே மாதம் அறுவை சிகிச்சை. பழுதான பகுதியை எடுத்துட்டு, சிரைத் துண்டு வைத்துத் தைத்தார்கள்.

33/
செப்டம்பர் 2-ம் தேதி களம் திரும்பினார். முதல் ஆட்டத்திலேயே ஏழு இன்னிங்ஸ் எறிந்து எதிரணிக்கு ஒரு ஹிட்கூட கொடுக்கலை. 1999-ல் எதிரணியில் ஒருத்தரைக்கூட முதல் பேஸ் வரை வரவிடாம ஒரு முழு ஆட்டத்தை முடித்தார். பேஸ்பால் வரலாற்றில் ரொம்பச் சிலருக்கே வாய்த்தது அது.

34/
மூணு பேர், மூணு முடிவு. ஒவ்வொருத்தர் நோயும் வேற அளவு, வேற இடம்; அதனால 'இவர் பிழைச்சார், அவர் ஏன் பிழைக்கலை'ன்னு நேரடியா ஒப்பிட முடியாது. ஆனா ஒண்ணு மட்டும் நிச்சயம். ரத்தக்குழாய் நோயில் நாம போராடுறது நேரத்தோட. நேரத்தைச் சாப்பிடுறது அவநம்பிக்கை.

35/
கைக்கோ காலுக்கோ போற ரத்தம் திடீர்னு முழுசா நின்னா, ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள்ள வழியைத் திறக்கணும்னுதான் எங்களுக்குப் பாடம். அதைத் தாண்டினா தசையும் நரம்பும் நிரந்தரமா சேதமாகும். கையையே எடுக்க வேண்டி வரலாம். சரியான நேரத்தில் வந்தா, நுனியில் பலூன் உள்ள ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறைவை இழுத்து எடுக்க முடியும். இந்தக் கருவி 1960-களிலிருந்தே இருக்கு. அதைப் பயன்படுத்த ஆள் நேரத்துக்கு வந்து சேரணும்.

36/
ஆனா நடைமுறையில் என்ன நடக்குது? கை வலின்னா முதல்ல வலி ஸ்பிரே. அடுத்து தைலம். அடுத்து சுளுக்கு எடுக்கிறவர். அடுத்து 'ரெண்டு நாள் ரெஸ்ட் எடு'. அடுத்து வலி மாத்திரை. எங்க ஆட்களையும் விட்டுவைக்கப் போறதில்லை: நாடியைத் தொட்டுக்கூடப் பார்க்காம 'மஸில் புல்'னு எழுதி அனுப்புற மருத்துவர்களும் இருக்காங்க.

37/
தசைப்பிடிப்புதான் அதிகம், ரத்தக்குழாய் பிரச்சினை அரிதுதான். அதனால பயப்பட வேண்டாம். ஆனா வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும்.

தசை வலி: தொட்டா வலிக்கும், ஓய்வில் குறையும், கை சூடாவே இருக்கும், நிறம் மாறாது.

38/
தமனி அடைப்பு:
• ஒரு கை மட்டும் மற்றதைவிடக் குளிர்ந்து இருக்கும்
• விரல்கள் வெளிறும், அல்லது நீலம் பாரிக்கும்
• மரத்துப் போகும், எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்
• கொஞ்சம் வேலை செஞ்சாலே கை சோர்ந்து 'செத்துப்' போகும், நிறுத்தினா சரியாகும்
• மணிக்கட்டில் நாடி குறைவா இருக்கும், அல்லது இருக்காது
• விரல் நுனியில் ஆறாத சின்னப் புண்

39/
சிரை அடைப்பு வேற மாதிரி. கை முழுக்க வீங்கி, கனத்து, நீலமா மாறும். தோள்பட்டையிலும் மார்பிலும் சிரைகள் புடைச்சுத் தெரியும். ஜிம்ல கடுமையா எடை தூக்குற, பந்து வீசுற இளைஞர்களுக்கு வரலாம். இதையும் அன்னைக்கே காட்டணும். உறைவு நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இருக்கு.

40/
வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சின்ன சோதனை: ரெண்டு கையையும் பக்கத்துல வச்சு சூட்டையும் நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க. விரல் நகத்தை அழுத்தி விடுங்க. ரெண்டு விநாடிக்குள்ள சிவப்பு திரும்பணும். ரெண்டு மணிக்கட்டிலும் நாடி பாருங்க. மருத்துவரிடம் போனா, 'ரெண்டு கையிலும் பி.பி. பாருங்க'ன்னு கேளுங்க. பெரிய வித்தியாசம் இருந்தா அது ஒரு துப்பு. கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

(இதெல்லாம் சரியா இருந்தாலும், அறிகுறி தொடர்ந்தா டாப்ளர் ஸ்கேன் தேவைப்படலாம். சில நேரம் நாடி இருந்துகிட்டே விரல் குழாய்கள் அடைச்சிருக்கும்.)

41/
செய்யக் கூடாதது: குளிர்ந்து மரத்த கைக்கு எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீங்க. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்து போயிடும். இழுத்துச் சுளுக்கு எடுக்கவே கூடாது. புகைக்கிற பழக்கம் இருந்தா அன்னைக்கே நிறுத்துங்க. பீடி சிகரெட்டால் மட்டுமே இளம் வயதில் கைகால் ரத்தக்குழாய்கள் அடைச்சு விரல்களை இழந்தவங்க நம்ம ஊர்ல நிறைய.

42/
பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'கை செத்த மாதிரி இருக்கு சார்'னு ஒரு பிள்ளை சொன்னா, முதல் பதில் 'சாக்கு சொல்லாதே'ன்னு இருக்க வேண்டாம். அந்தக் கையைப் பிடிச்சுப் பாருங்க. குளிர்ந்திருக்கான்னு பாருங்க. பத்து விநாடி போதும்.

43/
அணி நிர்வாகங்களுக்கும் ஒண்ணு. ஆட்டக்காரரின் மருத்துவ விவரம் அவருடைய அந்தரங்கம், அதை அவர் சம்மதமில்லாம வெளியிடக் கூடாது. ஆனா அவர் சம்மதிச்சா, உண்மையைத் தெளிவா, சீக்கிரமா சொல்லிடுங்க. நீங்க விட்டு வைக்கிற மௌனத்தை வதந்தி வந்து நிரப்பும். டுக்கடாம் தன் வாழ்நாள் முழுக்க ஒரு மெர்சிடிஸுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருந்தார்.

44/
அதுக்கப்புறம் அவர் வாழ்க்கை? சொந்த ஊரில் எல்லைக் காவல் போலீஸில் வேலை பார்த்தார். அமெரிக்க விசா குலுக்கலில் பேர் விழுந்து, குடும்பத்தோட அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் போனார். அதிக நாள் இருக்கலை, திரும்பிட்டார். 2008-ல் ருமேனிய அதிபர் விருது கொடுத்தார். 2010-ல் ஸ்டேவா கிளப்பின் தலைவராப் பொறுப்பேற்றார். 2024-ல் இதய அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி, 65 வயதில் காலமானார்.

45/
அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் செவில் இருந்தது, நான்கு பெனால்டி இருந்தது. பல இடங்களில் அந்தக் காரும் எட்டிப் பார்த்தது. ரத்தக்குழாய்க்கு ஒரு வரி கிடைச்சா அதிகம். எனக்கு வருத்தம் அங்கேதான். கார் கதையால யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. ரத்தக்குழாய் கதையைப் பத்து பேர் ஒழுங்காத் தெரிஞ்சுக்கிட்டா, அதுல ஒருத்தராவது ஒரு பிள்ளையின் கையைச் சரியான நேரத்தில் தொட்டுப் பார்ப்பார்.

46/
சுருக்கமா:
• இளமையும் பலமும் ரத்தக்குழாய்க்குக் காப்பீடு இல்லை.
• ஒரு கை மட்டும் குளிர்ந்து, வெளிறி, மரத்துப் போனா அது சுளுக்கு இல்லை.
• திடீர்னு அப்படி ஆனா மணிக்கணக்கில் முடிவெடுக்கணும், நாள்கணக்கில் இல்லை. ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிற மருத்துவமனைக்கே நேரா போங்க.
• விளையாடுறவங்க 'முடியலை'ன்னு சொன்னா முதல்ல நம்புங்க. அப்புறம் பரிசோதிங்க.

வாலிபால், கிரிக்கெட், கால்பந்துன்னு ஆடுற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக் குரூப்புகளுக்கு இதை அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.